வெர்பினா: தொட்டியிலா, தரையிலா?

சென்னை மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு என் பதில்: தொட்டி. காரணம் ஐப்பசி மழை. வெர்பினா நம் சமவெளியில் பனிக்காலப் பூச்செடி; நாற்று விடுவதும் அடைமழையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வேரில் நீர் தேங்கினால் செடி அழுகிவிடும். தொட்டியென்றால் சன்ஷேடுக்குக் கீழே தள்ளி வைத்துவிடலாம். தரையில் நட்டதை என்ன செய்வது? மேட்டுப்பாத்தி போட்டால் ஓரளவு தாங்கும், களிமண்ணில் அதுவும் சந்தேகம்தான்.

ஆனால் தரைக்கு ஓர் அழகு உண்டு. படரும் வகையின் தண்டைத் தூக்கிப் பாருங்கள்: மண் தொட்ட கணுவிலெல்லாம் வெள்ளை வேர் இறங்கியிருக்கும். அப்படியே வெட்டி நட்டால் புதுச் செடி! ஓசூர்ப் பக்கம் வடிகால் நல்ல செம்மண் வைத்திருப்பவர்கள் தாராளமாகத் தரையிலேயே விடலாம். தண்ணீர் வேலையும் குறைவு. தொட்டியோ, மாசி வெயில் ஏறியதும் தினமும் கேட்கும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சத்தும் சீக்கிரம் தீரும் என்பதால் 15 நாளுக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம் வேண்டும்.

எங்கே வைத்தாலும் 6 மணி நேர வெயில் கட்டாயம். நிழலும் நெருக்கமும் சேர்ந்தால் இலையில் சாம்பல் நோய் படியும். வாடிய பூங்கொத்தை அடியிலுள்ள இலை ஜோடிவரை கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வெடித்து மறுபடி மொட்டு வைக்கும்.