சார்ஜன்ட் பெப்பரா, ஸ்மைலா?

1966 கடைசியில் லண்டனில் பீட்டில்ஸ் இசைக்குழுவும், கலிஃபோர்னியாவில் பீச் பாய்ஸ் இசைக்குழுவின் பிரையன் வில்சனும் ஒரே ஆசையில்தான் இருந்தார்கள்: பாட்டுகளின் தொகுப்பாக இல்லாமல், ஆல்பமே ஒரு படைப்பாக நிற்கணும். 1967 மே மாதம் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வெளிவந்தது, அதே மாதம் வில்சனின் ‘ஸ்மைல்’ கைவிடப்பட்டது.

கான்செப்ட், அதாவது ஆல்பம் முழுவதையும் இணைக்கும் ஒரே கரு, என்று பார்த்தால் பெப்பர் கொஞ்சம் ஏமாற்று வேலை. கற்பனை பேண்ட் ஒன்று மேடையேறுகிறது, இரண்டு பாட்டோடு அதை மறந்துவிட்டு, கடைசிக்கு முந்தின பாட்டில்தான் மறுபடி ஞாபகம் வருகிறது. ஆனால் வேலைப்பாடு அபாரம். கையில் இருந்தது நாலு டிராக் மெஷின், அதாவது ஒரே டேப்பில் நாலு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிகிற மெஷின். நாலும் நிரம்பினால் எல்லாவற்றையும் கலந்து இன்னொரு மெஷினுக்கு மாற்றி, அதன் மேல் மறுபடி அடுக்கினார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் 24 பார் (தாள அளவு) காலியாக விட்டு, அப்புறம் 40 பேர் ஆர்கெஸ்ட்ராவை வரவழைத்து, அவரவர் வாத்தியத்தின் அடி ஸ்வரத்திலிருந்து உச்சிக்கு ஏறச் சொன்னார்கள். கேட்டால் இன்னும் வயிற்றைக் கலக்கும்.

ஸ்மைல் எல்லாமே துண்டு துண்டு. ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டைப் பல ஸ்டூடியோக்களில் பிட்டுப் பிட்டாகப் பதிந்து, டேப்பை வெட்டி ஒட்டி ஜெயித்த வில்சன், அதே முறையை முழு ஆல்பத்துக்கும் போட்டார். எதற்கு அப்புறம் எது என்பதுதான் முடிவாகவில்லை, ரெக்கார்டு வெளியிடும் கேபிட்டல் கம்பெனி ஆல்பத்தின் அட்டையே அச்சடித்துவிட்ட பிறகும். 2004-இல் தன் பெயரில் புதிதாகப் பதிவு செய்துதான் முடித்தார். பழைய டேப்புகள் 2011-இல் வந்தன.

ஆல்பம் பண்ணுகிறவருக்கு பெப்பர் வழிதான் சரி. கேட்க எனக்கு ஸ்மைல், அதுவும் 2011 பதிப்பு.