எக்ஸ்சேஞ்ச் போனஸ், லாயல்டி போனஸ் என்று சொல்லி 40,000 ரூபாய் நாமம் போட்டார்கள்: பழைய காரை எக்ஸ்சேஞ்ச் போடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று மதியம்தான் கார் ஷோரூமில் கடைசியாகப் பேசிவிட்டு வந்தேன். "சார், அந்த 40,000 இனிமே வர வாய்ப்பில்ல. உங்க திருப்திக்கு ஒரு டெஃப்லான் கோட்டிங் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்றார் மேனேஜர். வயிறு எரிகிறது. கோபம் ஆறிவிட்டால் 'போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான். அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

ஷோரூம் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். மதுரையில் ஒரு பெரிய கார் கம்பெனியின் டீலர், அவ்வளவுதான்.

2016-ல் என் முதல் காரை எடுத்ததும் அங்கேதான். அதிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, சர்வீஸ் ஞாபகப்படுத்தல் எதுவும் தவறியதில்லை. 2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும், "எங்கள் குடும்ப வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சிறப்பு விலை" என்று ஒரு மெசேஜ். அரசாங்கம் குறைத்த வரியைத் தங்கள் கைக்காசைப் போட்டது மாதிரி காட்டினார்கள். அப்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆசையும் வந்தது.

அப்புறம் சேல்ஸில் இருந்த தம்பி வண்டியோடு வீட்டுக்கே வந்தார். என்னிடம் மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக அம்மாவிடம் போனார். முன் சீட்டில் உட்கார வைத்து, கீழே குனிந்து சீட்டின் உயரத்தை ஏற்றி ஏற்றி, "அம்மா, இப்ப முட்டி மடங்காம இறங்க முடியுதா பாருங்க" என்று கேட்டார். அம்மா இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். வண்டி அந்த இடத்திலேயே விற்றாகிவிட்டது. காபி குடித்துக்கொண்டே விலைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினார்: பழைய காரைக் கொடுப்பதற்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000, பழைய வாடிக்கையாளர் என்பதற்கு லாயல்டி போனஸ் 15,000. கூட்டி, 40,000-க்குக் கீழே இரண்டு கோடு.

"இதை பில்லிலேயே கழித்துவிட வேண்டியதுதானே தம்பி?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"அண்ணே, இது கம்பெனி குடுக்குற பணம். பில்லுல கழிச்சா ஆடிட்ல மாட்டும். வண்டி எடுத்த அறுபது நாளுல உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துரும். ஒன்பது வருஷக் கஸ்டமர் நீங்க, உங்கள ஏமாத்திட்டு நான் இந்த ஊருல நடமாட முடியுமா?"

பழைய காரை அவர்களுடைய பழைய வண்டிப் பிரிவிலேயே விட்டேன். வெளியில் கேட்டதைவிடக் குறைந்த விலைதான். 40,000 சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும் என்று பட்டது. வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினார்கள். வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. "அத நாங்க பாத்துக்குறோம்ணே."

டெலிவரி அன்று சிவப்புத் துணி, கேக், அட்டையில் செய்த பெரிய சாவி, மாலை, போட்டோ. சாவியைக் கையில் கொடுக்கும் முன் அந்தத் தம்பி ரகசியம் போலச் சொன்னது: "கம்பெனியிலேருந்து ஃபீட்பேக் கால் வரும்ணே. பத்துக்குப் பத்து சொல்லிருங்க. ஒன்பது சொன்னாலும் எங்களுக்கு முட்டைதான்." சொன்னேன். ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரு பத்தி பாராட்டும் எழுதினேன். இதில் வரிசையைக் கவனியுங்கள். அவர்களுக்கு வேண்டிய மார்க் முதல் வாரத்திலேயே கைக்குப் போய்விடுகிறது. நமக்கு வர வேண்டிய பணத்துக்கு அறுபது நாள் தவணை. மார்க் போன பிறகு நம்மிடம் அவர்களுக்கு என்ன வேலை?

அறுபது நாள் ஓடியது. "கம்பெனி அப்ரூவல் வரல." சரி. "அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு." சரி. "மாசக் கடைசி சார், டார்கெட் டென்ஷன், ஒண்ணாம் தேதிக்கு மேல கூப்பிடுங்க." ஒன்றாம் தேதிக்கு மேல் அந்தத் தம்பியின் நம்பர் எடுக்கப்படவேயில்லை. நேரில் போனால், அவர் வேறு கம்பெனி ஷோரூமுக்கு மாறிவிட்டாராம். புதிதாக வந்தவர் என் விலைப் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க சீல் இல்லையே சார்" என்றார். கம்பெனி கஸ்டமர் கேருக்கு அடித்தால், டீலர் தனி நிறுவனம், பண விஷயத்தை அவர்களிடமே பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மறுநாள் எஸ்எம்எஸ்: 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.'

இதற்கிடையில்தான் அந்த இ-சலான். ஓசூரில் சிக்னலைத் தாண்டியதற்கு அபராதம். நான் மதுரையில் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். நம்பரைப் பார்த்தால் நான் கொடுத்துவிட்ட பழைய கார்! அரசின் பரிவாகன் இணையதளத்தில் போய்ப் பார்த்தால் ஆர்சி இன்னும் என் பெயரிலேயே இருக்கிறது.

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. காரை ஷோரூம் ஒரு புரோக்கருக்குத் தள்ளிவிட்டது. புரோக்கர் தன் பெயருக்கு மாற்றவே மாட்டார். மாற்றினால் 'இரண்டாவது ஓனர்' ஆகி, அடுத்து வாங்குபவர் மூன்றாவது ஆகிவிடுவார், விலை இறங்கும். அதனால் காலியாக விட்ட படிவங்களோடு வண்டி கை மாறிக்கொண்டே போகிறது. எக்ஸ்சேஞ்ச் போனஸ் வேண்டுமானால் பழைய வண்டியின் ஆர்சி குறிப்பிட்ட காலத்துக்குள் பெயர் மாறிய சான்றைக் கம்பெனிக்குக் காட்ட வேண்டுமாம். மாறவில்லை, அதனால் க்ளெய்ம் போச்சு. லாயல்டியும் அதே ஃபைலில் இருந்ததால் அதுவும் போச்சு. மேனேஜர் இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், "ஆர்சி மாறலையே சார், நாங்க என்ன பண்றது?" என்று! வண்டியும் படிவமும் சாவியும் யாரிடம் இருந்தன?

பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் விதிமுறையே இருக்கிறது. ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டி கைக்கு வந்ததும் படிவம் 29சி மூலம் போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அந்த வண்டிக்கு அவர்களே பொறுப்பு. இதைச் சொன்னதும் "போர்ட்டல் சரியா வொர்க் ஆகுறதில்ல சார்" என்று பதில். இது வெறும் அபராதத்தோடு போகிற விஷயமும் இல்லை. கை மாறிய வண்டி விபத்தில் சிக்கினாலும் ஆர்சியில் பெயர் உள்ளவரே ஓனர், நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து 40,000-ஐவிட அந்தக் கார்தான் பயமுறுத்துகிறது.

எனக்குப் புரியாதது ஒன்று. புது வண்டி விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் சொற்பம் என்று அவர்களே புலம்புவார்கள். சர்வீஸ், இன்சூரன்ஸ் புதுப்பித்தல், ஆக்சஸரீஸ் இவற்றில்தான் வண்டி ஓடுகிறது. அப்படியானால் ஒன்பது வருடமாக மூன்றையும் அங்கேயே செய்தவனை 40,000 ரூபாய்க்காகத் துரத்துவது என்ன வியாபாரம்? என் மச்சான் அதே ஷோரூமில் புக் பண்ண இருந்தார். நேற்று கேன்சல் செய்துவிட்டார். கேக்குக்கும் அட்டைச் சாவிக்கும் செலவு செய்வதை வாடிக்கையாளரைத் தக்கவைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போல.

விவரமாகப் பத்து ஆலோசனையாவது எழுத நினைத்தேன். மனசு நிலையாக இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எந்த போனஸாக இருந்தாலும் பில்லில் கழித்துத் தரச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் சீல், கையெழுத்து, தேதியோடு லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். வாங்குபவர் பெயர் இல்லாத படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடாதீர்கள். விற்ற 14 நாளுக்குள் நீங்களே ஆர்டிஓவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பணம் வரும்வரை பத்துக்குப் பத்து கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய காரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இன்சூரன்ஸில் க்ளெய்ம் செய்யாமல் இருந்ததற்கான தள்ளுபடி, உங்களுடையது, காருடையது அல்ல. அதைக் கேட்டு வாங்கிப் புது பாலிசியில் கழித்துக்கொள்ளுங்கள். என் கொட்டேஷனில் அதையும் விட்டுவிட்டிருந்தார்கள், நல்லவேளையாக அது கண்ணில் பட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்தாகிவிட்டது. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பத்து லட்சத்துக்குள் வாங்கிய வண்டி என்பதால் கட்டணம் 200 ரூபாய்தான், இரண்டு வருடத்துக்குள் போடலாம். அந்த 40,000-ஐ விடுவதாக இல்லை.

மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆர்டிஓ ஆபீஸ் மூடுவதற்குள் போய் அந்தப் பழைய காரைப் பற்றி ஒரு கடிதம் கொடுத்து, ரசீது வாங்கிவர வேண்டும்.