மெஷ் பொட்டேட்டோவில் ஊர் டெலிபோன்: நாள்பட ஓட்டினால் தெரிபவை

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் உள்ள மன்கோசியில், ஊர்க்காரர்களே கூட்டுறவாகச் சேர்ந்து ‘ஸென்ஸெலேனி’ என்ற பெயரில் தங்கள் வயர்லெஸ் தொலைபேசியை நடத்தினார்கள். கோசா மொழியில் ‘நீங்களே செய்யுங்கள்’ என்று பொருள். அங்கே வீடுகளில் வைக்கப்பட்ட பெட்டிதான் மெஷ் பொட்டேட்டோ. இந்தப் பெட்டிகள் வலைபோல் (மெஷ்) ஒன்றோடொன்று இணைந்து குரலைக் கைமாற்றும். வைஃபை ரூட்டர், சாதாரண மேசை போனைச் செருக ஒரு துளை, உள்ளே அழைப்புகளை இணைக்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள், எல்லாம் ஒரே பெட்டியில்.

இதில் பெரிதும் போற்ற வேண்டியது, நடுவில் சர்வர் தேவைப்படாததுதான். எதிர்ப்பெட்டியின் ஐபி முகவரி 21 என்று முடிந்தால், போனில் 21 என்று அழுத்தினாலே அங்கே மணி அடிக்கும். இணையம் அறுந்தாலும் பக்கத்து வீட்டுக்குப் பேசலாம். பிறகு வசதிக்காக மைய சர்வர் வைத்தாலும் ‘டைரக்ட் மீடியா’வை (குரல் இரு போன்களுக்கு நடுவே நேராகப் போக விடும் அமைப்பு) திறந்தே வையுங்கள். மூடிவிட்டால், அடுத்த வீட்டுக்குப் போகும் குரலும் சர்வர் வரை போய்த் திரும்பும்.

குரல் உடைந்தால் பலரும் முதலில் கோடெக்கை, அதாவது குரலை டிஜிட்டலாக்கும் முறையை, மாற்றுகிறார்கள். ஜி.711 என்ற கோடெக்கில் குரல் நொடிக்கு 50 பாக்கெட்டாக (சிறு தரவுப் பொட்டலம்) போகிறது. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்பு 40 பைட். குரலைச் சுருக்கும் ஜி.729-இல் குரல் 20 பைட்தான். கணக்குக்கு நொடிக்கு 80 கிலோபிட் 24 ஆகிறது. ஆனால் வைஃபையில் நேரத்தைத் தின்பது பைட் அல்ல. ஒவ்வொரு பாக்கெட்டும் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும், வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். சிறிய பாக்கெட்டுக்கும் இதே செலவுதான். பாக்கெட் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் பலன். ஒரு பாக்கெட்டில் ஏறும் குரலை 20 மில்லிநொடியிலிருந்து 40 ஆக்கினால் எண்ணிக்கை பாதியாகும், தாமதம் 20 மில்லிநொடி கூடும். இரண்டு சர்வர்களுக்கு நடுவே ஐஏஎக்ஸ்2 டிரங்க் (ஆஸ்டரிஸ்க் சர்வர்களை இணைக்கும் கூட்டு வழி) போட்டால் பல அழைப்புகளின் குரல் ஒரே பாக்கெட்டில் ஏறும். ஒரே ரேடியோ உள்ள மெஷ்ஷில் ஒவ்வொரு ஹாப்பும் (பெட்டியிலிருந்து பெட்டிக்கு ஒரு தாவல்) அதே சேனலை மறுபடி பிடிக்கிறது. மூன்று ஹாப்புக்கு மேல் நீட்ட வேண்டாம். தூர இணைப்புக்குத் தனியாக 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ போடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: குரல் பாக்கெட்டின் தலைப்பில் இஎஃப் (46) என்ற முன்னுரிமைக் குறியிட்டால் முன்னுரிமை கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். ரூட்டரில் ஓடும் பழைய லினக்ஸ் கர்னல்கள் அதன் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்து, வைஃபையின் குரல் வரிசைக்குப் பதில் வீடியோ வரிசையில் போட்டுவிடும். குறியை சிஎஸ்6 (48) என்று மாற்றினால் குரல் வரிசைக்குப் போகும்.

சில போன்களுக்கு மட்டும் அழைப்பே போகவில்லை என்றால் கோடெக் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் நீளமானால் சிப் (SIP, அழைப்பைத் தொடங்கும் நெறிமுறை) அனுப்பும் அழைப்புச் செய்தி 1500 பைட்டைத் தாண்டித் துண்டாகிறது; ஒரு துண்டு தொலைந்தாலும் அழைப்பு இல்லை. இரண்டு கோடெக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் லின்போன் என்ற அழைப்புச் செயலி போட்டவர்களுக்குச் சில நேரம் மணியே அடிக்காது. பேட்டரி சேமிப்பு அதைத் தூங்க வைத்திருக்கும், அங்கே விலக்குக் கொடுக்க வேண்டும்.

கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் கேபிளோடு ஓடிவந்து பின்களைப் பச்சை பிடிக்க வைக்கும்.

இனி மின்சாரம். 5 வாட் பெட்டி ஒரு நாளைக்கு 120 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர்-மணி எடுக்கும். மூன்று மேகமூட்ட நாளுக்கு 30. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி, 50 வாட் பேனல் வேண்டும். மன்கோசியில் அதே சோலாரில் மொபைல் சார்ஜ் செய்து கொடுத்தும் வருமானம் ஈட்டினார்கள். ஊர்ச் சேவைக்கு அது நல்ல வழி. ஆனால் ஒரு மொபைலுக்கு 10 வாட்-மணி என்றால், பத்து மொபைல் ரூட்டரின் ஒரு நாள் தீனிக்கு ஏறக்குறைய ஈடு. அதனால் சார்ஜிங் முனைகளுக்குத் தனி கட்-ஆஃப் வையுங்கள்: பேட்டரி இறங்கத் தொடங்கியதும் அவை முதலில் அணையட்டும், ரூட்டர் பேட்டரி பாதிக்கு வரும் வரை ஓடட்டும்.