செல்ஃப் எடுக்கவில்லை என்று வண்டியைக் கொடுத்தேன், 6,850 போனது. வண்டி வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. வீட்டு வாசலுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய், வேலை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லும் ஆப் வழி சர்வீஸ் ஒன்றில் 6,850 பறிகொடுத்திருக்கிறேன். பெயர் போடவில்லை. ஒருத்தன் பெயரைச் சொன்னால் அதே வேலையைச் செய்கிற மற்றவன் யோக்கியன் ஆகிவிடுவான்.

வண்டிக்கு வந்த கோளாறு இதுதான். சாவியைத் திருப்பினால் மீட்டர் எரிகிறது, இண்டிகேட்டர் பளிச்சென்று அடிக்கிறது, ஹாரன் அலறுகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் மயான அமைதி. இன்ஜின் திணறுவதில்லை, சீட்டுக்கு அடியில் ரிலே (மோட்டாருக்குக் கரண்டை அனுப்பும் சுவிட்ச்) போடும் 'டிக்' சத்தம்கூட இல்லை. இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் சரியாக இருக்கிறது, சைடு ஸ்டாண்ட் மடக்கியாயிற்று, நியூட்ரல் விளக்கும் எரிகிறது. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் உடனே பிடித்துக்கொள்கிறது. இத்தனையையும் ஆப்பில் புக் பண்ணும்போதே தட்டச்சு செய்து அனுப்பினேன். 'டிக் சத்தம் வரவில்லை' என்பதைத் தனியாகவே எழுதினேன். அதை எவரும் படித்த மாதிரித் தெரியவில்லை. படித்திருந்தால் இன்னும் மோசம்.

மதியம் போன் வந்தது. நல்ல தன்மையான குரல். "சார், செல்ஃப் மோட்டார் போயிடுச்சு. உள்ளே எரிஞ்சிருக்கு. போட்டோ அனுப்புறேன், நீங்களே பாருங்க." வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பிரித்துப் போட்ட மோட்டார், கார்பன் பிரஷ் தேய்ந்து மொட்டையாக இருக்கிறது, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் கன்னங்கரேல். நான் கேட்டேன், பேட்டரியாக இருக்குமோ, அதுவும் பழசுதான், மாற்றிவிடலாமா என்று. அதற்கு அவர் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. "வேண்டாம் சார், பேட்டரி 12.6 வோல்ட் காட்டுது, நல்லா இருக்கு. எதுக்கு வீண் செலவு?"

விற்கக் கிடைத்த பேட்டரியை வேண்டாம் என்று சொல்கிற ஆள் மோட்டாரில் பொய் சொல்வானா? அந்த ஒரு வார்த்தையில் முழு நம்பிக்கை வந்துவிட்டது. மோட்டார் அசெம்பிளி, ரிலே, லேபர் எல்லாம் சேர்த்து 6,850. முழுப்பணமும் கட்டினால்தான் டெலிவரி என்றார்கள், கட்டினேன். வண்டி வந்தது, பட்டனைத் தொட்டதும் எடுத்தது. பழைய மோட்டார் எங்கே என்று கேட்டதற்கு, "அது கம்பெனிக்குத் திரும்பிப் போகணும் சார்." சரி என்று விட்டேன்.

ஒரு மழையைத் தாண்டவில்லை. மறுபடி அதே கதை, பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள். கஸ்டமர் கேர்: "டிக்கெட் ரெய்ஸ் பண்ணியாச்சு சார்." மறுநாள் டிக்கெட் தானாகவே மூடிக்கொண்டது, 'தீர்வு காணப்பட்டது' என்று மெசேஜ் வேறு. திரும்பக் கூப்பிட்டால், மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும், அது வாரண்டியில் வராது. அடுத்து ஒரு பெண் எடுத்தார், எலக்ட்ரிக்கல் பார்ட்ஸுக்கே வாரண்டி இல்லை என்றார். அந்தத் தன்மையான குரல்காரர் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. 6,850 வாங்கும்வரை நிமிஷத்துக்கு ஒரு 'சார்' போட்டவர்!

வேறு வழியில்லாமல், முன்பு வண்டி பார்த்த மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். சொன்னதைக் கேட்டதும் அவர் மோட்டார் பக்கமே போகவில்லை. "டிக் சத்தமே வரலைன்னா மோட்டார் வரைக்கும் கரண்டே போகலைன்னு அர்த்தம் தம்பி. பட்டனை அழுத்தினா முதல்ல ரிலேதான் இழுக்கணும், அப்புறம்தான் மோட்டார்" என்றார். நியூட்ரலில் வைத்து, ரிலேயின் தடித்த ஒயர் இரண்டும் சேரும் போல்ட்டுகளை ஒரு ஸ்க்ரூடிரைவரால் கண நேரம் இணைத்துப் பார்த்தார். பொறி தெறித்தது, மோட்டார் ஜம்மென்று சுற்றியது. பிறகு இடது கைப்பக்கம் வந்து கிளட்ச் லீவரின் ரப்பரைத் தூக்கினார்.

அங்கேதான் இருந்தது விஷயம். லீவருக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. என் வண்டியில் கிளட்ச் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும், அந்தத் தகவலைக் கொடுப்பது இந்தச் சுவிட்ச். அது செத்திருக்கிறது. அதற்குப் போகும் இரண்டு ஒயரையும் வெட்டி, சுவிட்ச் இல்லாமலே கரண்ட் போகும்படி ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். மழையில் டேப் நெகிழ்ந்து முறுக்கு விட்டுப்போயிருக்கிறது, செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடக்கிறது.

அதாவது, உண்மையான கோளாறு அவர்களுக்குத் தெரியும். கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்துவிட்டு, அதை டேப்புக்குள் மறைத்துவிட்டு, எனக்கு மோட்டார் விற்றிருக்கிறார்கள். தெரியாமல் தப்பாகச் சொன்னவனை மன்னித்துவிடலாம்.

அந்த மோட்டாராவது புதுசா? அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் பழைய சேறு காய்ந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பேனரே படவில்லை. மோட்டாரின் முகப்பை மட்டும் துணியால் துடைத்திருக்கிறார்கள். ரிலே மட்டும் புதுசு. அப்படியானால் அந்தக் கருகிய மோட்டார் போட்டோ யாருடையது? இதைக் கேட்கத்தான் மறுபடி போன் போட்டேன். சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "அது ரெஃபரன்ஸ் போட்டோ சார்." அதோடு, வெளி மெக்கானிக் கை வைத்துவிட்டதால் இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு மெயிலும் வந்தது. போன 6,850 போனதுதான் போலிருக்கிறது. நுகர்வோர் புகாருக்கு பில், போட்டோ, சாட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பணத்தைக்கூட விடுங்கள். கிளட்ச் சுவிட்ச் ஒயரை இப்படி முறுக்கிவிட்டால், கியரில் கிடக்கும் வண்டிகூட கிளட்ச் பிடிக்காமலே பட்டனை அழுத்தியதும் முன்னால் பாயும். சுவிட்சை வைத்ததே அதைத் தடுக்கத்தான். இப்படி ஒன்றைச் செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

செல்ஃப் எடுக்காவிட்டால் நீங்களே எப்படிப் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சத்தத்தைக் கவனியுங்கள், அது போதும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், பட்டன் இதையெல்லாம் பார்க்காமல் மோட்டாரைப் பற்றிப் பேச விடாதீர்கள். டிக்டிக்டிக் என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி, அல்லது டெர்மினல் லூஸ். 'டக்' என்று ஒரே ஒரு தடவை கேட்டு நின்றுபோனால் ரிலேயோ மோட்டாரோ சந்தேகம், அப்போதும் பட்டன் அழுத்தும் நேரத்தில் பேட்டரி வோல்ட் 10க்குக் கீழே விழுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

போட்டோ அனுப்பினால் நம்பர் பிளேட்டும் பார்ட்டும் ஒரே படத்தில் வரட்டும், அல்லது வீடியோ கால் போடச் சொல்லுங்கள். பழைய பார்ட் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் போகட்டும், அதற்கு முன்னால் உங்கள் கண்ணில் பட்டுவிட்டுப் போகட்டும்.