விலாசம் இல்லாத காசு வாங்கி ஏமாந்த கதை

இணைய விளையாட்டில் செலவழிக்கும் தங்கக் காசை வெளியாள் ஒருவரிடம் மலிவாக வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 4,620 ரூபாய் போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், பதினான்கு பேர் ஓராண்டாகச் சேர்த்து வைத்த பொதுப் பெட்டி இன்று கடனில் நிற்கிறது. இதில் எனக்கு வெட்கமான சங்கதி, காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவள் நான். ஊரார் கொண்டுவரும் பில்களைப் புரட்டி, "ஜி.எஸ்.டி. எண் எங்கே, கையெழுத்து எங்கே?" என்று கேட்பதுதான் என் பிழைப்பே.

விளையாட்டின் பெயரைச் சொல்லவில்லை. குற்றம் விளையாட்டின் மீது இல்லை. சுரங்கத்தில் தாது வெட்டுவது, உருக்குவது, சந்தையில் விற்பது, கிடைத்த காசைக் கொண்டு கோட்டை கட்டுவது என்று நிதானமாகப் போகும் வகை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பிதான் இழுத்துவிட்டான். இங்கே இரவு ஒன்பதரை மணி என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. அவன் ஷிப்ட் முடிந்து வருவான். நான் பாத்திரம் கழுவிவிட்டு உட்காருவேன். இருவரும் தாது வெட்டிக்கொண்டே வீட்டுக் கதை பேசுவோம். எங்கள் குழுவில் தேவகோட்டைக்காரர்கள் இருக்கிறார்கள், கோலாலம்பூர்க்காரர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கணக்குத் தெரியும் என்பதால் குழுவின் பொதுப் பணத்துக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் செட்டியார்களின் பணப்பெட்டியருகே உட்காரப் பையன்கள் இருந்தார்களே, அந்தப் 'பெட்டியடி' என்ற பெயரையே எனக்கும் வைத்துவிட்டார்கள்.

பெட்டியடி வேலையை ஒழுங்காகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அலுவலகத்தில் பழைய பேரேடு ஒன்றின் பின்பக்கங்கள் காலியாக இருந்தன. அதில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று விளையாட்டுக் காசுக்கும் கணக்கு வைத்திருந்தேன். முழுநேர வேலை பார்ப்பவர்களுக்கு இது அவசியம். கல்லூரிப் பையன்களைப் போல ஆறு மணி நேரம் உட்கார நமக்கு முடியாது. மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. கெடு, அந்த வாரங்களில் வீட்டுக்கு வரவே எட்டு மணி ஆகிவிடும். கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் எதைச் செய்தால் காசு நிற்கும் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். நாள்தோறும் கொடுக்கும் சிறு வேலைகளை முதலில் முடிப்பேன். படுக்கப் போகுமுன் சரக்கைச் சந்தையில் விலைபோட்டு வைத்துவிடுவேன். காலையில் பஸ்ஸில் ஏறும்போது பாதி விற்றிருக்கும். அப்படி எனக்கு மணிக்குச் சராசரியாக நாலு லட்சம் காசு நின்றது.

தடுமாறியது மார்ச் மாதத்தில். கோட்டையின் பெரிய மண்டபத்தைக் கட்ட ஆறு கோடி காசு வேண்டும். பெட்டியில் இருந்தது 90 லட்சம். மாதக் கடைசிக்குள் கட்டினால் கட்டணத்தில் சலுகை என்று விளையாட்டு அறிவித்திருந்தது. இந்த 'இன்னும் இத்தனை நாள்தான்' அறிவிப்புகள் எல்லாமே நம்மை அவசரப்படுத்துவதற்குத்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு அது நிதியாண்டுக் கடைசி. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் மாசி–பங்குனித் திருவிழாவின் மேளச் சத்தம் ஜன்னல் வழியாக வர, நான் யாரோ ஒருவருடைய இருப்புக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட ஏது நேரம்?

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். விளையாட்டின் சந்தைத் திடலில் நின்றுகொண்டு, "வேலைக்குப் போகும் அக்காமார், அண்ணன்மாருக்கு உதவி" என்று தமிழில் எழுதியிருந்தார். அந்த வரியில்தான் விழுந்தேன். விளையாட்டு நிறுவனத்தின் கடையில் 900 ரூபாய் கொடுத்தால் ஒரு சீட்டு தருவார்கள். அதை உள்ளே விற்றால் 50 லட்சம் காசு வரும். இவரிடம் அதே 50 லட்சம் 400 ரூபாய்.

முதலில் சோதித்துப் பார்ப்போம் என்று 10 லட்சத்துக்கு 80 ரூபாய் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் காசு வந்தது. நாலு நாள் கழித்து 400 ரூபாய், அதுவும் வந்தது. இரண்டையும் பெட்டியில் போட்டேன். "அக்கா, நம்பிக்கைதான் நமக்கு முதல்" என்று செய்தி அனுப்பினார். சின்னத் தொகையை ஒழுங்காகக் கொடுத்துப் பெரிய தொகைக்கு வழி பண்ணுவது சீட்டுக்கம்பெனி காலத்திலிருந்து நடப்பதுதான். அப்படி ஏமாந்தவர்களின் கணக்கை நானே எழுதியிருக்கிறேன்.

மீதி நாலரைக் கோடி. அவர் விலையில் 3,600 ரூபாய்; நிறுவனத்தின் கடையில் வாங்கினால் ஒன்பது சீட்டு, 8,100. யோசிக்கிறேன் என்றதும் அவசரப்படுத்தினார். 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டத்தால் நிறுவனத்தின் கடையை இந்தியாவில் எந்த நாளும் மூடிவிடுவார்கள், பிறகு வழியே இருக்காது என்றார். பொய். அந்தச் சட்டம் தடுப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளை. எங்களுடையதைப் போலப் பந்தயமே இல்லாத விளையாட்டுக்கும் அந்தத் தடைக்கும் சம்பந்தமில்லை. ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

பணம் அனுப்பியதும் புதிய பேச்சு வந்தது. இவ்வளவு பெரிய தொகையை நேரடியாகக் கைமாற்றினால் கண்காணிப்பில் சிக்கும். ஆகவே உங்களிடம் இருக்கும் ஏதாவது ஓர் உதவாத பொருளைச் சந்தையில் போடுங்கள், தரகு போக நாலரைக் கோடி கையில் நிற்கும்படி விலை வையுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன், அதற்குப் 'பாதுகாப்புக் கட்டணம்' 15 சதவீதம், 540 ரூபாய். சந்தைத் தரகு ஐந்து சதவீதம்தான். மீதிப் பத்து எதற்கு என்று கேட்காமல் அதையும் அனுப்பினேன். தொடக்கத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் செப்பு மோதிரம் ஒன்று இருந்தது. மூன்று காசு பெறாது. அதைக் கோடிக்கணக்கில் விலைபோட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விற்றுவிட்டது. அன்று இரவே மண்டபம் கட்டி, தம்பியும் நானும் அதன் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம்.

ஒன்பதாம் நாள் காலை, பஸ்ஸில், நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது. மூன்று தவணையில் எனக்கு வந்த காசு முழுவதும் திருடப்பட்ட கணக்குகளிலிருந்து வெளியேறியது. அது திரும்ப எடுக்கப்படுகிறது. விதிமீறலுக்காக என் கணக்கு 30 நாள் முடக்கப்படுகிறது. காசுதான் மண்டபமாகிவிட்டதே, எதை எடுப்பது? பெட்டியை 5 கோடியே 10 லட்சம் கடனாக்கிவிட்டார்கள். இனி யார் எதைப் போட்டாலும் கடனுக்கே போகும். மண்டபம் மட்டும் ஜம்மென்று நிற்கிறது.

அந்த ஆளுக்கு எழுதினேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, வந்தது. "மன்னிக்கவும் அக்கா, முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன், இந்த கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து உங்கள் யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடுங்கள்." அங்கேதான் எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். யு.பி.ஐ.-யில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணே தேவையில்லை; அதைப் போடுவது கொடுப்பதற்கு மட்டும். பத்து நாள் தாமதமாகவாவது புத்தி வந்ததே என்று அவருடைய செய்திகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு என் வங்கிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாலு முறை பணம் அனுப்பியிருக்கிறேன். மூன்று வெவ்வேறு பெயர்கள். யு.பி.ஐ.-யில் பணம் போகுமுன் வாங்குபவர் பெயர் திரையில் வரும். மூன்று பெயரையும் என் கண்ணால் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன். ஒரே வியாபாரி மூன்று பெயரில் பணம் வாங்கினால் அலுவலகத்தில் அந்த வவுச்சரைத் தனியே எடுத்து வைத்துச் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

நான் குடியிருப்பது பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில். வீட்டுக்கார ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. முகம் வாடியிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். விளையாட்டு, காசு எல்லாவற்றையும் எப்படி விளக்குவது என்று தெரியாமல், "மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு சரக்கு வாங்கினேன் ஆச்சி, திருட்டுச் சரக்காம்" என்றேன்.

"எந்த வீட்டுச் சாமான் என்று கேட்டாயா, ஆத்தா?"

"இல்லை ஆச்சி."

"விலாசம் பார்த்தாயா?"

இந்தப் பக்கத்து வீடுகளில் அண்டா, குண்டான், தூக்குச்சட்டி எல்லாவற்றிலும் வீட்டின் விலாசம் வெட்டியிருக்கும்: பாட்டன், அப்பன் பெயர்களின் முதலெழுத்துகள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பரத்தி வைத்திருக்கும் பித்தளைச் சாமானில்கூட அந்த எழுத்துகளைப் பார்க்கலாம். ஆச்சி ஒருமுறை அங்கே தன் அத்தை வீட்டு விலாசம் போட்ட சொம்பைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரை உட்காரவைத்து விசாரித்தவர். விளையாட்டுக் காசிலும் விலாசம் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். யாரிடமிருந்து யாருக்கு, எந்த நேரத்தில், எந்த மோதிரத்துக்கு என்று ஒவ்வொரு கைமாற்றமும் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகிறது.

அன்று இரவு செய்த கணக்கை முன்பே செய்திருக்க வேண்டும். என் சம்பளம் 18,000 ரூபாய்; மாதம் 26 நாள், நாளுக்கு எட்டரை மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 81 ரூபாய். மணிக்கு நாலு லட்சம் வீதம் 50 லட்சம் காசு வெட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். நிறுவனத்தின் விலையான 900-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய். என் சம்பளத்தை ஒட்டி வருகிறது, நியாயம். அந்த ஆளின் 400-ஐ வகுத்தால் 32. தாது வெட்டியவனுக்குக் கூலி, இவருக்கு லாபம் இரண்டும் அந்த 32-க்குள் அடங்க வேண்டும். அடக்க விலைக்கும் கீழே ஒருவர் விற்கிறார் என்றால் சரக்கு அவர் உழைத்துச் சேர்த்ததாக இருக்க முடியாது. நேரமில்லாதவள் என்றுதானே வாங்கினேன். வேறு யாரோ ஒருவருடைய நேரத்தைத் திருடித்தான் எனக்கு விற்றிருக்கிறார்.

இப்படிப்பட்ட வியாபாரிகளை ஒழிக்கத்தான் நிறுவனங்களே சட்டப்படியான சீட்டுகளைக் கொண்டுவந்தன. ரூன்ஸ்கேப் விளையாட்டில் 2013-இல் 'பாண்டு' வந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2015-இல் 'டோக்கன்'. உங்கள் விளையாட்டில் அப்படி ஒன்று இருந்தால், காசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் உடனே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்குத் தொலைபேசி செய்யுங்கள். பணம் எதிராளியின் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் நிறுத்தி வைக்க முடியும் என்பதால் முதல் சில மணி நேரந்தான் முக்கியம். நான் செய்தது பத்தாம் நாள். யு.பி.ஐ. ரசீதில் இருக்கும் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள், நாலையும் கொடுத்தேன், புகார் எண் தந்தார்கள். பணம் திரும்பும் என்று நம்பவில்லை. அந்த மூன்று கணக்குகளாவது முடங்கட்டும். விளையாட்டின் கடவுச்சொல்லையும் அதோடு இணைத்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுங்கள்.

குழுவில் எல்லோரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மூன்று பேர் விலகிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. என் கணக்கு முடங்கியிருந்த முப்பது நாளும் தம்பி ஒன்பதரைக்கு வீடியோ அழைப்பில் வந்தான். "சாப்பிட்டாயா அக்கா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன். நாலு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். கையில் வெட்டுவதற்குத் தாது இல்லாமல் எங்களுக்குப் பேச வரவில்லை.

இப்போது திரும்பிவிட்டேன். மீண்டும் பெட்டியடி நான்தான். வேறு யாரும் அந்தக் கடனைத் தூக்கத் தயாரில்லை. பேரேட்டில் புதுப்பக்கம் எடுத்து மேலே கடன் தொகையை எழுதி, என் வெட்டு முழுவதையும் அதன் கீழே வரவு வைத்து வருகிறேன். தம்பியும் பாதி போடுகிறான், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. நேற்று இரவு நிலவரப்படி பாக்கி 4 கோடியே 37 லட்சம்.