தூங்கியே ஆகவேண்டும் என்ற பிடிவாதத்துக்கு ஒரு வகுப்பு: பிரிக்பீல்ட்ஸ் அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து சிறிது தூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கடைவீட்டின் மாடியில், தூக்கமின்மையால் அவதிப்படுவோருக்கென ஆறு வார வகுப்பு ஒன்று தமிழில் நடக்கிறது. வாரத்துக்கு ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம். கட்டணம் 360 ரிங்கிட். நடத்துபவர் மருத்துவ உளவியல் படித்த ஓர் அம்மையார். முன்பு படித்தவர்கள் சொல்லியே புதியவர்கள் வருவதாலும், தம் பெயரைப் பொதுவில் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதாலும் இங்கே பெயர் குறிப்பிடவில்லை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுத்த பணத்துக்குத் தகுந்த வகுப்புதான். ஆனால் அதன் மதிப்பு மூச்சுப் பயிற்சியிலோ அவர்கள் தரும் ஒலிப்பதிவிலோ இல்லை. விளக்கை அணைத்த பிறகு நாம் நமக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது.

முதல் மாலையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நள்ளிரவில் மனத்தில் ஓடுவதை மெருகேற்றாமல் அப்படியே எழுதச் சொன்னார். படித்துக் காட்டியபோது வங்கி ஊழியர், தாதி, இரண்டு பிள்ளைகளின் தாய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று எல்லாருடைய தாளிலும் ஏறத்தாழ ஒரே வரிகள் இருந்தன. "இன்றைக்கும் வராது." "மணி இரண்டாகிவிட்டது, இனித் தூங்கி என்ன பயன்?" "நாளைக்கு வேலையில் உளறப்போகிறேன்." "இப்படியே போனால் உடம்பு கெட்டுவிடும்." இவை வெறும் புலம்பல்கள் அல்ல, உடலுக்கு இடப்படும் கட்டளைகள் என்று அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆபத்து என்று கேட்டதும் உடல் விழித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்த ஆபத்து புலியா, நாளைய கூட்டமா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

தமிழாசிரியர், "எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மறுநாள் நான் ஒன்றுக்கும் ஆகமாட்டேன், டாக்டர்" என்றார். அம்மையார் மறுக்கவில்லை. "சரிங்க ஐயா. நேற்று எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான்கு மணி நேரம் இருக்கும் என்று பதில் வந்தது. "இன்றைக்கு என்னென்ன செய்தீர்கள்?" காலையில் சந்தைக்குப் போனது, பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, எல்.ஆர்.டி. ரயில் பிடித்து வந்தது, வரும் வழியில் செய்தித்தாள் முழுவதையும் படித்தது என்று ஐயா அடுக்கிக்கொண்டே போய், பாதியில் தாமே நிறுத்திக்கொண்டார். அவர் எழுதியிருந்த வாக்கியத்தின் கீழே, "களைப்பாக இருக்கும், ஆனால் வேலை ஓடும்" என்று இன்னொரு வாக்கியம் எழுதப்பட்டது. இதில் உற்சாகமூட்டும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பொய்யில்லாமல் பயத்தின் அளவை மட்டும் குறைக்கும் வாக்கியம் அது. ஆறு வாரமும் இந்தப் பயிற்சிதான் வகுப்பின் முதுகெலும்பு.

இதற்குப் பின்னால் இருக்கும் சிந்தனை புதிதன்று. ஆலிசன் ஹார்வி என்ற உளவியலாளர் 2002இல் தூக்கமின்மைக்கு வகுத்த அறிவாற்றல் மாதிரியைத்தான் இந்த வகுப்பு பெரும்பாலும் பின்பற்றுகிறது. தூக்கத்தைப் பற்றிய கவலை உடலைக் கிளர்ச்சியில் வைக்கிறது. கிளர்ச்சியடைந்த மனம் கடிகாரத்தையும் இதயத் துடிப்பையும் கண்காணிக்கத் தொடங்குகிறது. தேடுகிறவனுக்குச் சான்று கிடைக்காமல் போவதில்லை. கிடைத்த சான்று கவலையை இன்னும் வளர்க்கிறது. பகலிலும் இதே சுற்றுத்தான். காலையில் எழுந்ததும் கண் எரிகிறதா, தலை கனக்கிறதா என்று சோதிப்பவருக்கு ஏதாவது ஒன்று அகப்பட்டே தீரும். ஏணையில் போட்ட குழந்தை தூங்கிவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை துணியை விலக்கிப் பார்க்கும் தாயைப் போன்றவர்கள் நாம். போதாக்குறைக்கு, தூக்கமின்மை உள்ளவர்கள் தாங்கள் தூங்கிய நேரத்தைக் குறைத்தும், தூக்கம் வர எடுத்த நேரத்தைக் கூட்டியும் மதிப்பிடுவது ஆய்வுகளில் பலமுறை தெரியவந்த விஷயம். "கண்ணே மூடவில்லை" என்று நாம் சத்தியம் செய்யும் இரவிலும் நம்மையறியாமல் ஓரளவு தூங்கியிருப்போம்.

கையில் கட்டும் தூக்கக் கணிப்புக் கடிகாரத்தை ஆறு வாரத்துக்குக் கழற்றி வைக்கச் சொன்னபோது வங்கி ஊழியர் முகம் சுளித்தார். கழற்றச் சொன்னதற்கு அம்மையார் தந்த காரணம் வலுவானது. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பங்கேற்றவர்களிடம் முந்தைய இரவின் தூக்கத்தைக் கருவியால் அளந்துவிட்டதாகச் சொல்லி, அது நல்ல தூக்கம் என்றோ மோசமான தூக்கம் என்றோ போலி முடிவு ஒன்றைத் தந்தார்கள். நல்ல தூக்கம் என்று சொல்லப்பட்டவர்கள் எண்களைக் கூட்டும் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். காலையில் கடிகாரம் காட்டும் மதிப்பெண்ணும் ஒருவகைச் சுயபேச்சுத்தான். சொல்வது இயந்திரம் என்பதால் நாம் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

இனி, நேர்மறை வாசகங்களுக்கு வருகிறேன். "நான் ஆழ்ந்து உறங்குவேன், நான் ஆழ்ந்து உறங்குவேன்" என்று படுக்கையில் ஜபிக்கச் சொல்லும் காணொளிகள் நம் மக்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றாத நாளில்லை. வகுப்பு இதை நேரடியாக எதிர்க்கிறது. நானும் அந்தக் கட்சிதான். உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், அணிவகுப்பு இசையைக் கேட்டபடியே முடிந்தவரை விரைவாகத் தூங்குங்கள் என்று பணிக்கப்பட்டவர்கள், எப்போது வேண்டுமானாலும் தூங்கலாம் என்று விடப்பட்டவர்களைவிடத் தூங்கச் சிரமப்பட்டார்கள். மனம் ஏற்கெனவே இரைச்சலில் இருக்கும்போது முயற்சியே முட்டுக்கட்டையாகிவிடுகிறது. நமக்குள் அந்த இசை வாசிக்க வெளியிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை, வீட்டுக் கடனும் பிள்ளையின் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வும் போதும். ஆகவே, இருட்டில் கண்ணைத் திறந்தபடி, "தூங்காமல் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா படுத்திருக்கப்போகிறேன்" என்று சொல்லிக்கொள்ளும் எதிர்மாறான உத்தியைச் சொல்லித்தருகிறார்கள். விக்டர் பிராங்க்ல் என்ற ஆஸ்திரிய மனநல மருத்துவர் பரவச் செய்த முறை இது. சிரிப்பு வந்தாலும் வேலை செய்கிறது, எனக்குச் செய்தது. தம்மைத் தாமே பெயர் சொல்லி அழைத்துப் பேசும் உத்தியையும் ஒரு வாரம் கற்பித்தார்கள். ஆனால் அதற்குக் காட்டிய ஆய்வு மேடைப் பேச்சுக்கு முந்தைய பதற்றத்தைப் பற்றியது, தூக்கத்தைப் பற்றியதன்று. அதை அவர் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

செலவில்லாமல் நாளையே தொடங்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு விரைவு. வகுப்பில் இதை இரவு உணவுக்குப் பின் என்று முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். "மின்சாரக் கட்டணம்" என்று எழுதினால் போதாது. "வெள்ளிக்கிழமை சம்பளம் ஏறியதும் மின்சாரக் கட்டணம்" என்று எழுதவேண்டும்.

பேச்சைத் திருத்தினால் மட்டும் தூக்கம் வந்துவிடும் என்று அவர் ஏமாற்றவில்லை. தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடு என்ற ரிச்சர்ட் பூட்சினின் 1972ஆம் ஆண்டு விதியும், படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்கும் ஆர்தர் ஸ்பீல்மனின் 1987ஆம் ஆண்டு முறையும் மூன்றாம் வாரத்திலிருந்து சேர்கின்றன. இரண்டாவது கடுமையானது, முதல் சில நாள் பகலில் கண் சொக்கும். வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது என்று எச்சரித்தது பொறுப்பான செயல். உள்ளூர்ச் சூழலையும் அவர் மறக்கவில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. பள்ளி வேனுக்காக ஐந்தரைக்கு எழும் தாய் இருட்டிலேயே நாளைத் தொடங்குகிறார். விடிந்த பிறகு பத்து நிமிடமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள் என்ற அறிவுரை அதனால்தான்.

குறைகளும் உண்டு. வீட்டில் கேட்கத் தரும் ஒலிப்பதிவில் வீணை பின்னணியில் ஒலிக்க, உங்கள் உடல் பொன்னொளியில் மிதக்கிறது, நீங்கள் இப்போது உறங்குகிறீர்கள் என்று ஒரு குரல் குழைகிறது. வகுப்பில் எதைச் செய்யாதே என்றார்களோ அதையே பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். உரத்த குறட்டை, மூச்சுத் திணறி விழிப்பது, சர்க்கரை நோயால் இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவது ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் பதிவின்போதே கேட்கப்பட்டிருக்கவேண்டும். நான்காம் வாரத்தில்தான் கேட்டார்கள். தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத் தடைக்கு எந்த வாக்கியத்தை மாற்றியும் பயனில்லை. சுழற்சி முறையில் வேலை செய்யும் தாதிக்கு வகுப்பில் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தங்கை பாதியில் நின்றுவிட்டார். தூக்க வகுப்பின் இடைவேளையில், இரவு எட்டே காலுக்கு, கீழே உள்ள மாமாக் உணவுக்கடையிலிருந்து எல்லாருக்கும் தே தாரிக் என்ற பால் தேநீர் வரவழைப்பதை என்னவென்று சொல்வது? தேநீரின் காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

என்னளவில், நடு இரவில் விழிப்பது நின்றுவிடவில்லை. விழித்தவுடன் கடிகாரத்தைப் பார்த்து மீதியுள்ள நேரத்தைக் கணக்குப் போடும் வழக்கம் நின்றது. பெரும்பாலான இரவுகளில் மீண்டும் தூங்கிவிடுகிறேன்.

தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடித்திருந்தால், மாத்திரைக்கு முன் எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் இந்த வகைச் சிகிச்சையைத்தான் தரவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இலேயே பரிந்துரைத்துவிட்டது. அதைத் தமிழில் பேசிக் கேட்கும் வாய்ப்பு கோலாலம்பூரில் அரிது என்பதால், குறைகளோடு சேர்த்தே இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன். குறட்டை, சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் சந்தேகம் இருந்தால் முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டிவிட்டுச் செல்லுங்கள். மாலை நேரத்தில் அந்தப் பகுதியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பதே மேல். ஒலிப்பதிவை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கேட்கவேண்டாம்.