காரைக்குடிப் பக்கம் ஒரு மனைப்பிரிவு: போய்ப் பார்த்ததில் கண்டது

காரைக்குடி 2024-ஆம் ஆண்டு மாநகராட்சியாகி, கோட்டையூரும் கண்டனூரும் அதனுள் சேர்ந்தபின், எங்கள் பக்கத்துச் சாலையோரங்களில் மனை விற்பனைப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படிப் பலகை வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் (பெயர் வேண்டாம்) இலவச வேனில் சென்ற மாதம் மனை பார்க்கப் போய்வந்தேன்.

முதலில் நிறைகள். தார்ச்சாலை நேர்த்தியாக இருந்தது. மதியச் சாப்பாட்டிலும் குறையில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண்ணையும் ரேரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேட்காமலேயே காட்டினார்கள். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின் அனுமதியற்ற புதிய மனைகளைப் பதிய முடியாது என்பதால், இதைப் பெருந்தன்மையாகக் கொள்ள வேண்டியதில்லை.

எனக்குக் காட்டிய மனையின் ஓரத்தில் கிராவல் சரிந்திருந்தது. காலால் தள்ளிப் பார்த்தபோது அடியில் கருத்த களிமண்ணும், இன்னும் மட்காத நெல்தாளும் தெரிந்தன. கண்மாய் மடையிலிருந்து வரும் வாய்க்கால் சுற்றுச்சுவர் வரை திறந்து வந்து, பிறகு சாலைக்கடியில் புதைத்த ஒற்றைக் குழாய்க்குள் நுழைந்தது. கீழ்வயல்களுக்கு அது போதுமா என்று கேட்டேன். “அது பழைய வாய்க்கால் சார், இப்ப யாரும் பாய்ச்சுறதில்லை” என்றார் உடன்வந்த இளைஞர். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சுவருக்கு அப்பால் ஒரு பெரியவர் மண்வெட்டியால் அந்தக் குழாயின் வாயை அடைத்திருந்த பிளாஸ்டிக் பைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அரசின் நில ஆவண இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்து, நிலம் நன்செயா புன்செயா என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தேன்: நன்செய். மனை வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது. முறைப்படி அனுமதி பெற்றால் வேளாண் நிலத்தை மனையாக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதால், நிறுவனத்தின் மீது சட்டக் குற்றம் எதுவும் சொல்வதற்கில்லை. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நண்பர் ஒருவர் நினைவூட்டினார். அது பக்கத்து அறந்தாங்கி ஒன்றியம் வரை வந்தும் சிவகங்கை மாவட்டத்துக்குள் வரவில்லை. வந்திருந்தாலும், எண்ணெய் எரிவாயுக் கிணறுகள், உருக்காலைகள் போன்றவற்றைத்தான் அது தடுக்கிறதே தவிர, வீட்டுமனைகளை அல்ல.

வாங்குபவர் கோணத்திலும் எனக்கு இந்த இடம் ஒப்பவில்லை. பழைய நகரத்தார் வீடுகளுக்குள் தெருவிலிருந்து படியேறித்தான் போக வேண்டும். கூரைத் தண்ணீர் ஊரணிக்கு வடியும்படி அமைத்திருப்பார்கள். இங்கோ ஐப்பசி மழையில் தண்ணீர் தானாக வந்து நிற்கும் பள்ளத்தில், ஒரு சாண் கிராவல் கொட்டி, அதை மேடு என்கிறார்கள்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன், சாலைக்கு ஒன்று, காகிதங்களுக்கு ஒன்று. வாரம் தவறாமல் அழைப்பு வருகிறது. இரண்டாம் கட்டத்தில் முன்பதிவு செய்தால் தள்ளுபடியாம். எந்த இடம் என்று கேட்டேன். அந்தப் பெரியவர் நின்றிருந்த பக்கத்தைத்தான் சொன்னார்கள்.